தட்டு ஜன்னல்

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டாலும் நல்லதுதான், உங்களுக்காவது தூக்கம் வரும்.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, தானாக அணையும் விளக்கு என்று எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் மன்னிக்க வேண்டும். என் விஷயத்தில் எல்லாமே சாயங்காலம், நல்ல வெளிச்சத்தில், தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது. மணி ஐந்து நாற்பது. சுமாராக இல்லை, சரியாக ஐந்து நாற்பது. நிமிஷம் வரைக்கும் எப்படித் தெரியும் என்றால், என் தொழில் அப்படிப்பட்டது.

விற்பனைக்கு வருகிற வீடுகளை ஜோடிப்பது என் வேலை. காலி வீட்டைப் பார்த்து யாருக்கும் ஆசை வராது. அதனால் தரகர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். நான் லாரியில் சோபா, மேஜை, கட்டில், திரைச்சீலை எல்லாம் கொண்டுபோய் இறக்கி, அங்கே ஒரு குடும்பம் சந்தோஷமாக வாழ்வது போல ஆக்கிவிடுவேன். சும்மா சாமானை அடுக்கிவிட்டு வருவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் மனதுக்குள் ஒரு குடும்பத்தை உண்டாக்கிக்கொள்வேன். அப்பாவுக்குப் படிக்கிற பழக்கம் என்றால் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி. அம்மாவுக்குச் செடி. குழந்தைக்கு ஆறு வயது என்றால் ஃபிரிட்ஜ் கதவில் கோணல்மாணலாக ஒரு படம். அதை நானே இடது கையால் வரைவேன். வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்து உருகிப்போவார்கள். ஏமாற்று வேலைதான், ஆனால் யாரும் இதுவரை கோபித்துக்கொண்டதில்லை.

முடித்துக் கிளம்பும்போது அறை அறையாகப் போனில் படம் எடுத்துவிடுவேன். நாளைக்கு ஏதாவது உடைந்தால் பழி என் தலையில் விழக்கூடாது. படத்தில் நேரம் பதிவாகிவிடும். இன்னொரு பழக்கமும் உண்டு. வலது மணிக்கட்டில் எப்போதும் இரண்டு சிவப்பு ரப்பர் பேண்ட் கிடக்கும். ஒயரைச் சுருட்ட, திரையைக் கட்ட, எதற்காவது உதவும். உனக்கு வளையலே அதுதான் என்று அக்கா கேலி செய்வாள்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவளுக்கும் எனக்கும் மூன்று வயது வித்தியாசம். அவள் போட்டுப் பழசான சட்டை எனக்கு வரும், அவளுக்குச் சலித்துப்போன பொம்மை எனக்கு வரும். விளையாட்டில் அவள் தலைவி, நான் ஒப்புக்குச் சப்பாணி. வளர்ந்த பிறகும் அப்படித்தான். அவளுக்கு நல்ல புருஷன், முத்து மாதிரி இரண்டு பிள்ளைகள். எனக்கு வாய்த்தவர் இரண்டு வருஷத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறையில் வாடகைக்கு இருக்கிறேன். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அக்கா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது மனசு ஆறியிருக்கும். அவள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவாள். டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புவாள். அந்த டப்பாவைக் கழுவும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன்.

எனக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் தரகர் ஒருவர் உண்டு. இடுப்பில் இருபது முப்பது சாவி தொங்கும். அவர் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும், அதனால் அவருக்குச் சாவிக்கொத்து என்றே பெயர். ஒரு திங்கள்கிழமை காலையில் அவர்தான் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். நகரத்தைவிட்டுத் தள்ளி, இரண்டு பக்கமும் பெரிய மரங்கள் நிற்கிற அமைதியான தெரு. என் அறையிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு மணி பத்து நிமிஷம் ஆகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடு. அந்தக் காலத்தில் தெருவே வந்து வேடிக்கை பார்த்திருக்கும். தட்டையான, தாழ்ந்த கூரை. தோட்டத்துப் பக்கம் சுவரே கிடையாது, தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. உட்காருகிற இடம் இரண்டு படி இறங்கி, பள்ளமாக, அடக்கமாக இருந்தது. சுவரோடு சேர்த்துச் செய்த புத்தக அலமாரி. தேன் நிறத்தில் மரப்பலகை. மொசைக் தரை காலுக்குக் குளுகுளுவென்று இருந்தது. நான் முந்நூறு வீட்டுக்கு மேல் ஜோடித்திருக்கிறேன், ஒன்றுக்கும் ஆசைப்பட்டதில்லை. இந்த வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நடு அறையில் நின்றபோது, இது எனக்கு வேண்டும் என்று தோன்றியது. கிடைக்காது என்பது தெரியும். அடுத்த நிமிஷமே, இதை வாங்கப் போகிறவர்கள்மேல் ஆத்திரமாக வந்தது. அவர்கள் யாரென்றுகூடத் தெரியாது, அதற்குள் ஆத்திரம்.

விற்கிறவர் வயதான ஒரு அம்மாள். முதியோர் விடுதிக்குப் போய்விட்டார். வீட்டைத் துடைத்துக் காலி செய்து கொடுத்திருந்தார்கள்.

சமையலறைக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுச்சுவரில் ஒரு திறப்பு இருந்தது. இடுப்பு உயரத்தில் ஒரு பலகை, அதற்கு மேல் இரண்டு மரத் தள்ளுக் கதவு. சமைத்ததை உள்ளேயிருந்து இந்தப் பக்கம் தள்ளிவிடலாம். இதற்கு ஏதாவது நாகரிகமான பெயர் இருக்கும், நான் தட்டு ஜன்னல் என்றுதான் சொல்வேன். அதில் ஒரு விசேஷம். சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்கும் விளக்கின் வெளிச்சம் அந்தப் பலகையோடு நின்றுவிடும். மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, உள்ளே நிற்பவரின் கைகள் மட்டும் தெரியும். முகம் இருட்டில் போய்விடும். உள்ளே நிற்பவருக்கோ மேஜை, பள்ளத்தில் சோபா, கண்ணாடி, தோட்டம் எல்லாம் ஒன்று விடாமல் தெரியும்.

அந்தத் தட்டு ஜன்னலுக்குக் கீழே இருந்த இழுப்பறையில் ஒரே ஒரு பொருள் மிச்சம் இருந்தது. வெள்ளை எனாமல் தட்டு. நீல விளிம்பு, ஒரு இடத்தில் எனாமல் தெறித்துக் கறுப்பாகியிருந்தது. ஜோடி இல்லாத தட்டு.

என் தொழிலில் இப்படி ஒரு பொருள் கிடைத்தால் விடமாட்டோம். எல்லாம் புதிதாக இருந்தால் கடை மாதிரி இருக்கும். நடுவில் பழசு ஒன்று இருந்தால்தான் வீடு மாதிரி இருக்கும். நாலு பேருக்கு மேஜையைத் தயார் செய்து, நடுவில் அந்தத் தட்டை வைத்து, அதில் ஐந்து பச்சை ஆப்பிளை அடுக்கினேன்.

நான் செய்த தப்பு அதுதான். அந்தத் தட்டு மேஜைக்கு வந்ததே இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபதுக்குக் கதவைத் திறந்தேன். ஆப்பிள் ஐந்தும் மேஜைமேல் வரிசையாக இருந்தன. தட்டு, ஜன்னல் பலகையில் இருந்தது.

சாவிக்கொத்துக்குப் போன் செய்து, யாரைக் கூட்டிவந்தீர்கள் என்று கேட்டேன். நேற்று நீங்கள் பூட்டியதோடு சரி, யாரும் வரவில்லை என்றார். வேறு யாரிடமும் சாவி இல்லையா என்றேன். உங்களிடம் கொடுத்தது போக மற்ற சாவியெல்லாம் என் இடுப்பில்தானே அம்மா இருக்கிறது என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, தட்டை மேஜையில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து படம் எடுத்தேன். சாப்பாட்டு மேஜை, ஐந்து முப்பத்தெட்டு. தட்டு நடுவில், ஆப்பிளோடு. பிறகு படுக்கையறைக்குப் போய்த் திரையைச் சரி செய்தேன்.

ஸ்ஸ்ஸ்... டக்.

மரம் மரத்தில் உரசும் சத்தம். பழைய வீடு, சாயங்காலம் குளிரும்போது முனகும் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்தேன்.

தட்டு ஜன்னல் பலகையில் இருந்தது. ஆப்பிள்கள் மேஜையில், வரிசையாக.

அதையும் ஒரு படம் எடுத்தேன். ஐந்து நாற்பத்தொன்று. இரண்டு படமும் இன்னும் என் போனில் இருக்கின்றன. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தட்டு ஈரமாக இருந்தது, அப்போதுதான் கழுவி வைத்தது போல. அந்த வீட்டில் தண்ணீர்க் குழாயை இன்னும் திறந்துவிடவில்லை.

கதவைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்தபோது பயத்தைவிட வேறு ஒரு நினைப்புதான் ஓங்கி நின்றது. இந்த வீட்டில் ஏதோ இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் யாரும் வாங்கமாட்டார்கள். யாரும் வாங்காவிட்டால் எனக்கு நிம்மதி.

புதன்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தாள். குரலிலேயே சந்தோஷம் வழிந்தது. காலையில் ஒரு வீடு பார்த்தார்களாம். தட்டையான கூரையாம், தோட்டத்துப் பக்கம் முழுக்கக் கண்ணாடியாம், இரண்டு படி இறங்கி சோபாவாம். அவள் சொல்லச் சொல்ல என் கையில் இருந்த டீ ஆறிப்போனது. கடைசியில், ஃபிரிட்ஜில் ஒரு குழந்தை வரைந்த படம் இருந்தது, அதைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது என்றாள்.

"அது நான் வரைஞ்சது" என்றேன்.

அக்கா சொன்னாள். "நீ பண்ணின வீடா? அதான் உள்ள நுழைஞ்ச உடனே நம்ம வீடு மாதிரியே இருந்துச்சு."

நம்ம வீடு. நான் மனதுக்குள் உண்டாக்கிய அந்தக் குடும்பம், அந்த அம்மா, அந்த மூக்குக்கண்ணாடி அப்பா, அந்தக் குழந்தை... எனக்காக உண்டாக்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு முன்னால் நான் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டேன். அதுவும் அவளுக்கே போகிறது. அவள் போட்டுக் கழித்த சட்டை எனக்கு வந்தது பெரிதில்லை, நான் தைத்த சட்டையை அவள் போட்டுக்கொள்கிறாள்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் குடும்பத்தோடு மறுபடி பார்க்க வருவதாகவும், நானும் இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். சரி என்றேன்.

வியாழக்கிழமை நாலு பத்துக்கே அங்கே போய்விட்டேன். வீட்டை எப்படி அழகாக்குவது என்று தெரிந்தவளுக்கு எப்படிக் கெடுப்பது என்றும் தெரியும். பெரிய சோபாவை இழுத்துக் கண்ணாடிக்குக் குறுக்கே போட்டேன், தோட்டம் மறைந்தது. மஞ்சள் பல்புகளைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரி வெள்ளையில் மாட்டினேன். திரையைப் பாதி இழுத்துவிட்டேன். நடக்கிற வழியில் முழங்கால் இடிக்கிற மாதிரி ஒரு நாற்காலி. ஃபிரிட்ஜில் இருந்த படத்தைக் கிழித்துப் பையில் போட்டேன். முடித்துவிட்டுப் பார்த்தால் வீடு அழுது வடிந்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். நான் இரண்டையும் சேர்த்து அடித்திருந்தேன்.

எனக்கு வெட்கமாக இல்லை. மூச்சு வாங்க மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய்விட்டே சொன்னேன்.

"யாருக்கு வேணா போகட்டும். அவளுக்கு மட்டும் போகக் கூடாது."

ஸ்ஸ்ஸ்...

தட்டு ஜன்னலின் கதவு, இரண்டு விரல் அளவுக்குத் திறந்தது.

போனைப் பார்த்தேன். ஐந்து முப்பத்தொன்பது.

காற்று என்று சொல்லிக்கொண்டேன். ஜன்னல் எதுவும் திறந்திருக்கவில்லை. சாவிக்கொத்துதான் வந்திருக்கிறார் என்று அவரைக் கூப்பிட்டேன். சாவிச் சத்தம் இல்லை.

சமையலறைக்குள் போனேன். யாரும் இல்லை. பின்கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

அப்போதுதான் தரையைக் கவனித்தேன். தட்டு ஜன்னலுக்கு முன்னால் மொசைக் இரண்டு இடத்தில் தேய்ந்து, பளபளப்புப் போய், லேசாகக் குழிந்திருந்தது. இரண்டு பாதம் வைக்கிற அளவு. பல வருஷம் ஒரே இடத்தில் யாரோ நின்றிருக்கிறார்கள்.

ஏன் என்று கேட்காதீர்கள். என் கால்களை அதில் வைத்தேன்.

சரியாகப் பொருந்தின.

குனிந்து, திறந்திருந்த இடைவெளி வழியாகப் பார்த்தேன்.

சோபா பள்ளத்தில் இருந்தது. பழைய இடத்தில். திரை முழுக்கத் திறந்திருந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

மேஜையில் நாலு பேர்.

அக்கா. அத்தான். மூத்தவன். சின்னவள். அக்கா மஞ்சள் உடை போட்டிருந்தாள். சின்னவளின் நெற்றியில் ஒரு பிளாஸ்திரி. அத்தான் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சத்தம் வரவில்லை... சிரிப்பு மட்டும் தெரிந்தது.

அழகாக இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக எதையும் பார்த்ததில்லை. நெஞ்செல்லாம் எரிந்தது.

அப்போது என் இடது தோளில் ஏதோ பட்டது.

இன்னொரு தோள்.

பக்கத்தில் யாரோ நின்றார்கள். என் உயரம். என்னைப் போலவே குனிந்து. மெதுவாக மூச்சு விட்டார்கள். சோப்பு நுரை வாசனை வந்தது.

நான் திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை.

காதுக்குப் பக்கத்தில்... ஒரு பெண் குரல். அன்பாகத்தான் இருந்தது.

"இங்கேயிருந்து எல்லாம் தெரியும்."

வாசல் மணி அடித்தது.

ஐந்து நாற்பத்தாறு. சமையலறையில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். என் கையில் அந்த எனாமல் தட்டு. அதில் ஒரு ஆப்பிளின் நடுத்தண்டு. என் வாயில் புளிப்பு.

கதவைத் திறந்தேன். அக்கா மஞ்சள் உடையில் நின்றாள். கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டோம் என்றாள். அவளுக்குப் பின்னால் சின்னவள், நெற்றியில் பிளாஸ்திரியோடு. மத்தியானம் பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டாளாம், அதை எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

அவர்கள் உள்ளே வந்தார்கள். நான் பின்னால் போனேன். சோபா பள்ளத்தில் இருந்தது. பல்பு மஞ்சளாக எரிந்தது. என் பையில் கிழித்துப் போட்டிருந்த படம் ஃபிரிட்ஜ் கதவில், ஒட்டுப்போட்ட தடயம்கூட இல்லாமல், முழுசாக இருந்தது. அக்கா கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்று தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள். "இதுதான்" என்றாள்.

அந்த நிமிஷத்தில் நான் சொல்லியிருக்கலாம். வேண்டாம் அக்கா, இங்கே ஏதோ இருக்கிறது என்று ஒரு வார்த்தை. அவள் நம்பியிருப்பாள், சின்ன வயதிலிருந்தே அவள் என்னை நம்புவாள். நான் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? அவளுக்குக் கிடைக்கிற வீட்டில் ஒரு குறையாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். எல்லாமே நன்றாக இருக்கிற அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு ஓட்டை. இதை எழுதும்போதுதான் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்துப் பத்திரப் பதிவு. அதற்கு முந்தின நாள் என் சாமான்களை லாரியில் ஏற்றினேன். நான் கொண்டுவந்ததை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது தொழில் ஒழுக்கம். இத்தனை வருஷத்தில் ஒரு ஆணியைக்கூட நான் எடுத்ததில்லை. அன்று அந்தத் தட்டைச் செய்தித்தாளில் சுற்றி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். இந்த வீட்டில் ஒன்றே ஒன்றாவது அக்காவுக்குப் போகாமல் எனக்கு வரட்டும் என்றுதான். சாவியைச் சாவிக்கொத்திடம் கொடுத்து, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து வேறொரு வீட்டு வேலையாக அவரைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். பதிவு அன்று வீட்டுக்கார அம்மாள் சக்கர நாற்காலியில் வந்திருந்தாராம். கையெழுத்துப் போட்டுவிட்டு, இழுப்பறையில் இருந்த தட்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டாராம்.

அந்த அம்மாளுக்கு ஒரு தங்கையாம். கல்யாணம் ஆகாமல் அவர்களோடேயே முப்பத்தொரு வருஷம் இருந்தாளாம். சமையல் எல்லாம் அவள்தான். யாரும் அவளை ஒதுக்கவில்லை. தினமும் மேஜைக்கு வா வா என்று கூப்பிடுவார்களாம். "நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, தன் எனாமல் தட்டை எடுத்துக்கொண்டு தட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டே சாப்பிடுவாளாம், அவர்களைப் பார்த்துக்கொண்டே. ஒரு சாயங்காலம் தட்டு விழுந்த சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், அதே இடத்தில் விழுந்து கிடந்தாளாம். உயிர் இல்லை. அதற்குப் பிறகும் பதினொரு வருஷம், சாயங்காலம் ஆனால் பலகைமேல் இரண்டு கை தெரியும் என்று அம்மாள் சாதாரணமாகச் சொன்னாராம்.

"பதிவுக்கு முந்தின ராத்திரி கனவுல தங்கச்சி வந்தாளாம். முதல் தடவையா மேஜையில உக்காந்து சாப்பிட்டாளாம்" என்றார் சாவிக்கொத்து. "அதுக்கப்புறம் அந்த அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? அப்போ அந்த இடத்துல வேற யாரோ நிக்க வந்தாச்சுன்னாங்க. வயசாயிடுச்சு, பாவம்."

தட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

இது நடந்து மூன்று மாசம் ஆகிறது. நான் அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை. வேலை இருக்கிறது, உடம்பு சரியில்லை என்று ஏதேதோ சாக்கு. போய் அவள் சந்தோஷத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

இதற்கு நடுவில் என் சாயங்காலங்களில் சின்னதாக ஒரு குழப்பம். வேலையிலிருந்து வந்து டீக்குத் தண்ணீர் வைப்பேன். ஐந்து முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது இருக்கும். அடுத்து கடிகாரத்தைப் பார்த்தால் ஆறு பத்து, ஆறு பன்னிரண்டு. தண்ணீர் சுண்டிப்போய்ப் பாத்திரம் கருகியிருக்கும். எனாமல் தட்டு என் மடியில் இருக்கும், கழுவின ஈரத்தோடு. அசதியில் கண் அயர்ந்துவிடுகிறேன் என்று நினைத்தேன். பாத்திரம் மட்டும் மூன்று மாற்றிவிட்டேன்.

நேற்றுக் காலையில் அக்கா போன் செய்தாள். எடுத்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"என்மேல என்னடி கோபம்? தினமும் வரே. நாங்க டீ குடிக்க உக்காந்தா, சமையலறையில நின்னு கப்பு தட்டெல்லாம் தள்ளி வைக்கிறே. எழுந்து வந்து பார்த்தா பின்கதவு வழியா போயிடறே. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறே."

நான் இல்லை அக்கா என்றேன். என்னிடம் சாவியே இல்லை என்றேன்.

"பொய் சொல்லாத. உன் கை எனக்குத் தெரியாதா? சிவப்பு ரப்பர் பேண்ட் கூடத் தெரியுதே."

போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சிவப்பு ரப்பர் பேண்டுகளைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். கீழே டயர் கடைக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கினேன். அதில் பச்சையாக ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் வேலைக்கும் போகவில்லை. கதவை உள்ளே பூட்டி, சாவியைப் பீரோவுக்குள் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு பஸ், ஒரு மணி பத்து நிமிஷம். எந்த மனுஷியாலும் முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்து முப்பத்தொன்பது.

ஆறு பன்னிரண்டு.

தட்டு மடியில் இருந்தது. ஈரமாக. பாதத்தின் கீழே குளுகுளுவென்று இருந்தது.

போனில் அக்காவிடமிருந்து ஒரு செய்தி. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அனுப்பியிருந்தாள்.

"இன்னிக்கு பச்சை ரப்பர் பேண்டா? உள்ள வாடி. மேஜையில உனக்கும் தட்டு வச்சிருக்கேன்."

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். தட்டைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிடலாம். இல்லாவிட்டால் அந்த மேஜையில் ஐந்தாவது ஆளாக உட்கார்ந்து, அவள் போடுகிறதைச் சாப்பிட்டுவிட்டு வரலாம். இரண்டில் ஒன்றைச் செய்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று உள்ளுக்குள் ஏதோ சொல்கிறது. மேஜையில் எனக்கு இடம் கொடுக்கிற அளவுக்கு அவளுக்கு எல்லாம் நிறைந்து கிடக்கிறது. அதை நினைத்தால்தான் என்னால் முடியவில்லை. அந்த வீட்டில் எனக்கென்று இருப்பது இந்தத் தட்டு ஒன்றுதான். அதை நான் கொடுக்க மாட்டேன்.

இதை இன்று மத்தியானம் எழுத உட்கார்ந்தேன், எழுதி முடிக்க இவ்வளவு நேரமாகிவிட்டது. தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்கிறது. மணி ஐந்து முப்பத்தெட்டு.